ஓட்டிப் பார்க்காத முப்பத்து நான்கு பக்கங்கள்

ஒரு மனிதரின் வலது கை போனதற்கு நான் காரணம். அது நடக்கும் வரை அவரை நான் பார்த்ததுகூட இல்லை. எந்த இயந்திரத்தையும் நான் தொடவில்லை, யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. தாள்களின் அடியில் ஒரு வரி எழுதினேன். அந்த வரி பொய். இப்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. இதைச் சிலரிடம் வாயால் சொல்லியிருக்கிறேன். முழுதாக எழுதியதில்லை, எழுதுவதுதான் என் வேலையாக இருந்தபோதும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இயந்திரங்களுக்குக் கண்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பௌதிகத்தில் முதுகலை படித்தவன். கல்லூரி வேலைக்கு அலைந்து கிடைக்காமல் இங்கே வந்தேன். பேனலோடு அனுப்பும் கையேட்டை எழுதுவது என் பொறுப்பு. எந்த ஸ்விட்சை முதலில் போட வேண்டும், எந்த விளக்கு எரிந்தால் என்ன பொருள், எதைத் தொடக்கூடாது. இன்ஜினியர்கள் வரைந்து கொடுத்ததை நான் நம்ப மாட்டேன். பேனல் முன்னால் நின்று ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பார்த்துத்தான் எழுதுவேன். பத்து ஆண்டுகளில் என் கையேட்டைப் பற்றி ஒரு புகார் வரவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமை இந்தக் கதையில் நல்லதற்கு உதவவில்லை.

அதே கம்பெனியில் மின்னணுப் பிரிவில் ஒருவன் இருந்தான். என்னைவிடப் பத்து வயது சிறியவன். திருமுல்லைவாயில்காரன். நிலம் வைத்திருந்த குடும்பம். நிலமெல்லாம் வீட்டு மனையாகிப் போன பிறகு படித்து மேலே வந்தவன். முகப்பேரில் ஹவுசிங் போர்டு ஃபிளாட்டில் மூன்றாம் மாடியில் குடியிருந்தான். தொண்ணூற்று மூன்றிலோ நான்கிலோ அவன் ஒரு காரியம் செய்தான். அப்போது சின்னப் பட்டறைகளில்கூடப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்து, மோட்டாரையும் ஹீட்டரையும் அதிலிருந்தே போட்டு நிறுத்த ஆரம்பித்திருந்தார்கள். அதற்கான புரோகிராமை ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுதி, ஒரே தப்பை ஒவ்வொருவரும் செய்துகொண்டிருந்தார்கள். இவன் அந்த வேலைகளையெல்லாம் பொதுவாக ஒரு தடவை எழுதி, யாரும் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு லைப்ரரியாக்கி, யார் கேட்டாலும் ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தான். உள்ளே எழுதியிருந்த மூல நிரலையும் மறைக்காமல் சேர்த்தே கொடுத்தான். எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பி அனுப்பினால் போதும். பின்னால் இதற்கு ஓப்பன் சோர்ஸ் என்று ஒரு பெயர் வந்தது. எங்களுக்கு அப்போது பெயர் எதுவும் தெரியாது.

"சும்மா குடுக்கிறியே, கம்பெனில தெரிஞ்சா என்ன சொல்வாங்க?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம என் ஊட்ல குந்திகினு எய்தறேன். அதுக்கு கம்பெனி இன்னா சொல்லும்? ஒரு தபா எய்தினா போதும்ணே. ஊர்ல கீற அத்தினி பேரும் இதையே திருப்பித் திருப்பி எய்திகினு இருக்கணுமா?"

கையேடு எழுதுகிறவன் என்பதால் என்னைக் கூப்பிட்டான். லைப்ரரிக்குள் என்ன நடக்கிறது என்பது வெளியில் இருப்பவருக்குத் தேவையில்லை. 'மோட்டாரை ஓட்டு', 'நிறுத்து', 'வெப்பத்தைச் சொல்' என்று ஏவுவதற்கான ஃபங்ஷன்களின் பட்டியல் தெரிந்தால் போதும். அந்தப் பட்டியலைத்தான் ஏபிஐ என்பார்கள். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டேன். அதை எப்படி அழைப்பது, என்ன கொடுக்க வேண்டும், அது என்ன செய்யும், என்ன பதில் தரும், கடைசியில் ஓர் எடுத்துக்காட்டுப் புரோகிராம். பட்டறைகளில் இருந்தவர்கள் ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்கள் என்பதால் தமிழிலேயே எழுதினேன்.

பக்கத்தின் அடியில் ஒரு வரி போடுவது என் யோசனை. 'இந்தப் பக்கம் இத்தனையாம் பதிப்புடன் ஓட்டிச் சரிபார்க்கப்பட்டது.' அதற்கு ஒரு முறையும் வகுத்தோம். என் மேசையில் கம்ப்யூட்டர் சொன்னபடி மின்சாரத்தைப் போட்டு வெட்டும் ஒரு ரிலே பலகை, இரண்டு பல்பு, ஒரு சின்ன மின்விசிறி. லைப்ரரி மாறும்போதெல்லாம் பக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்து, ஓட்டி, பல்பும் விசிறியும் பக்கம் சொல்கிறபடி நடக்கின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த வரியில் உள்ள எண்ணை மாற்ற வேண்டும். புரோகிராம் எழுதுகிறவன் பக்கத்தைத் தொடக்கூடாது. பக்கம் எழுதுகிறவன் ஓட்டாமல் எண்ணைத் தொடக்கூடாது. நானே போட்ட சட்டம் அது.

அவன் மாற்றிக்கொண்டே இருந்தான். இன்று ஒரு பெயர், அடுத்த வாரம் வேறு பெயர். இன்று இரண்டு விவரம் கேட்கும் ஃபங்ஷன் அடுத்த மாதம் மூன்று கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஃபிளாட்டில் எங்களுக்குள் இதே பேச்சுதான்.

"நீ வாரத்துக்கு ஒரு பேர மாத்துவ, நான் வாரா வாரம் டைப் அடிச்சிட்டு உக்காந்திருக்கணுமா?"

"கொழந்த வளந்துகினே கீது அண்ணாத்தே. பழைய சட்டைய மாட்டினா கிழியாதா?"

"சட்டை தைக்கிறவன் நான்."

"அதான் உன்ன வச்சிகினு கீறேன். நானே எங்கனா மறந்துட்டா உன் பக்கத்தப் பாத்துதான் கண்டுபுடிக்கிறேன், தெரியுமா?"

பக்கங்கள் நாற்பத்து மூன்றாக வளர்ந்தன. அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதியைக் கொடுத்து வைத்திருந்தோம். வேண்டியவர்கள் அங்கே நகல் எடுத்துக்கொண்டார்கள். வெளியூருக்கு ஃப்ளாப்பியைத் தபாலில் அனுப்பினோம்.

எங்கள் வாசகர்களில் மிகக் கவனமானவள் ஒரு பெண். கள்ளிக்குப்பத்தில் வீடு, டிப்ளமோ படிப்பு, தொழிற்பேட்டையில் போல்ட், நட்டுகளுக்கு முலாம் பூசும் ஒரு சின்ன யூனிட்டில் வேலை. தொட்டிகளின் நேரத்தையும், கழுவிய போல்ட்டுகளைச் சுழற்றி உலர்த்தும் டிரையரையும் எங்கள் லைப்ரரியை வைத்துத்தான் அவள் கம்ப்யூட்டரில் கட்டுப்படுத்தினாள். என் பக்கங்களில் பிழை கண்டு இரண்டு மூன்று தடவை ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறாள். பிளாஸ்டிக் உறைகளில் பக்கங்களைப் போட்டு, கலர் நூலால் கட்டி வைத்திருப்பாள். ஒருமுறை அவளிடம், "பதிப்பு மாறும்போது மாற்றப் பட்டியலைப் படிக்கிறியாம்மா?" என்று கேட்டேன். மாற்றப் பட்டியல் என்பது ஒவ்வொரு பதிப்போடும் என் நண்பன் ஃப்ளாப்பியில் சேர்க்கும் குறிப்பு, என்னென்ன மாறியது என்று அவனுடைய அவசர ஆங்கிலத்தில்.

"அவரு எழுதறது தலையும் புரியாது வாலும் புரியாது சார். உங்க பக்கத்துல அடி வரிய பாப்பேன். புது நம்பர் இருந்தா அப்படியே எடுத்துக்குவேன்."

அன்று அது எனக்கு மிகவும் பிடித்த பேச்சாக இருந்தது.

நான்காம் பதிப்பில் அவன் நிறைய மாற்றினான். அதில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அதுவரை 'நிறுத்து' என்ற ஃபங்ஷன் மோட்டாருக்கு மின்சாரத்தை வெட்டி, மோட்டார் முழுதாக நிற்கும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்த வரிக்குப் போகவிடும். கிண்டியில் ஒருவர் இதைக் குறை சொன்னார். ஒரு மோட்டார் நிற்கும்வரை கம்ப்யூட்டர் வேறு எதையும் கவனிக்காமல் நிற்கிறதே என்றார். நியாயமான குறைதான். ஆகவே நான்காம் பதிப்பில் 'நிறுத்து' மின்சாரத்தை வெட்டிவிட்டு உடனே திரும்பிவிடும், அதாவது காத்திருக்காமல் அடுத்த வரிக்கு விட்டுவிடும். மோட்டார் நின்றதா என்று கேட்க இன்னொரு ஃபங்ஷனைப் புதிதாகச் சேர்த்தான். மாற்றப் பட்டியலில் அதை முறையாக எழுதியும் இருந்தான்.

ஆவடி பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கூட்டம் ஒன்று ஏற்பாடாகியிருந்தது. அங்கே புதுப் பதிப்பைக் கொடுப்பதாக இருந்தோம். பக்கங்களைச் சரிபார்க்க எனக்கு இரண்டு வாரம் இருந்தது. காரணம் என்று நான் எதையும் சொல்லப் போவதில்லை. வீட்டில் யாருக்கும் உடம்புக்கு முடியாமல் இல்லை, கம்பெனியில் வேலை குவிந்திருக்கவும் இல்லை. தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது, பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவைதான் இதையே செய்வது என்ற கசப்பும் இருந்தது. லைப்ரரிக்காக அவனைப் புகழ்ந்து நாலு ஊரிலிருந்து கடிதம் வரும். பக்கத்துக்காக யாரும் எழுதியதில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை உட்கார்ந்தேன். முதல் ஒன்பது பக்கங்களை முறைப்படி ஓட்டினேன். ஒன்பதும் சரியாக இருந்தன. மாற்றப் பட்டியலை நான் படித்திருக்கவில்லை. ஓட்டிப் பார்க்கும்போது எப்படியும் தெரிந்துவிடும் என்று அதை ஒதுக்கி வைத்திருந்தேன். ஒன்பது பக்கமும் சரியாக இருந்ததால், மற்றவையும் சரியாகத்தான் இருக்கும், பெரிதாக எதையும் மாற்றியிருந்தால் அவனே வாயால் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரே ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்தேன். மீதி முப்பத்து நான்கு பக்கங்களிலும் அடி வரியில் இருந்த மூன்று நான்காக மாறியது. விரலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. டீ குடித்துவிட்டு ஆட்டத்தின் மீதியைப் பார்த்தேன்.

கூட்டத்துக்கு அந்தப் பெண் வந்திருந்தாள். ஃப்ளாப்பியையும், பக்கங்களின் புதிய நகலையும் வாங்கிப் போனாள்.

இனி நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவள் புரோகிராமில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருந்தன. டிரையரை நிறுத்து, மூடியின் பூட்டைத் திற. பழைய பதிப்பில் அது பத்திரமான புரோகிராம். புதிய பதிப்பைப் போட்ட அன்று, டிரையருக்குள் சுழலும் கூடையைக் காலியாக வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறாள். காலிக் கூடை சட்டென்று நின்றுவிட்டதால் வித்தியாசம் தெரியவில்லை. மறுநாள் கூடை நிறைய போல்ட். அந்தக் கனம் சுழன்றால் நிற்க நேரம் ஆகும். அதில் வேலை செய்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல். இரண்டு வருடமாக மூடி திறந்தால் உள்ளே கூடை நின்றிருக்கும். பூட்டு விடுபட்ட சத்தம் கேட்டு, பக்கத்துத் தொட்டியில் இருந்தவரிடம் ஏதோ பேசிக்கொண்டே மூடியைத் தூக்கிக் கையை விட்டார். மருத்துவமனையில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மாலை அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். கையில் 'நிறுத்து' ஃபங்ஷனுக்கான பதினேழாம் பக்கம், பிளாஸ்டிக் உறையோடு.

"சார், ஓனர் என் தப்புன்னு சொல்றாரு. கேட்டுக்குள்ளயே விடமாட்டேங்கறாங்க. கம்ப்யூட்டர், ஃப்ளாப்பி, மத்த பேப்பர் எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. இது ஒண்ணுதான் என் பையில இருந்தது. நீங்க ஒரு தடவ வந்து, பக்கத்துல இப்படித்தான் போட்டிருக்குன்னு சொன்னீங்கன்னா போதும் சார்."

பக்கத்தைப் பார்த்தேன். 'இயந்திரம் முழுதாக நின்ற பிறகே இந்த ஃபங்ஷன் திரும்பும்.' அடியில் நான்காம் பதிப்புடன் ஓட்டிச் சரிபார்க்கப்பட்டது என்ற வரி.

"இத வச்சிட்டுப் போம்மா. நான் பாத்துட்டு வரேன்."

ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் தெருமுனை தாண்டியதும் எடுத்துக்காட்டைத் தட்டச்சு செய்து ஓட்டினேன். திரையில் அடுத்த வரி வந்துவிட்டது. விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிடத்தைத்தான் நான் செலவழிக்காமல் விட்டிருந்தேன்.

பக்கத்தைக் கிழித்தேன். நான்காகக் கிழித்து, பிறகு இன்னும் சிறியதாக. கம்ப்யூட்டரில் இருந்த பதினேழாம் பக்கத்தைத் திருத்தினேன். ஜெராக்ஸ் கடைக்குப் போய் அங்கிருந்த பிரதியில் அந்த ஒரு தாளை மட்டும் மாற்றினேன். இவையெல்லாம் பதற்றத்தில் செய்தவை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிதானமாகத்தான் செய்தேன்.

மறுநாள் பூத்திலிருந்து ஃபோன் செய்தாள்.

"சார், பாத்தீங்களா?"

"மாற்றப் பட்டியல்ல தெளிவாப் போட்டிருக்கேம்மா. நீ அதப் படிக்கலயா?"

"அடி வரிய பாத்தேன் சார்" என்றாள்.

"பட்டியலப் படிச்சிருக்கணும்."

"அந்தப் பேப்பர் உங்ககிட்ட இருக்கு சார்."

"எங்கயோ வச்சிட்டேன். தேடறேன்."

"சரி சார்" என்று வைத்துவிட்டாள். அவள் மறுபடி ஃபோன் செய்யவில்லை. வேலை போனது.

என் நண்பன் வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் முதலில் கொடுத்த பதினேழாம் பக்கம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

"அண்ணே, ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஓட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ணே."

"நான் பாத்த பிறகு கடைசி நேரத்தில நீ எதையோ மாத்தியிருப்ப. உனக்கு அது பழக்கம்தானே."

என் முகத்தையே பார்த்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். "நாளிக்கு நீ கூட வருவ, ரெண்டு பேருமா போயி ஓனராண்ட சொல்லலாம்னு வந்தேன்" என்றான். "வேணாம். நானே போறேன்."

போனான். மாற்றியது நான்தான், என் தப்புதான் என்று சொல்லியிருக்கிறான். பக்கத்தைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. முதலாளி கேட்டுக்கொண்டு, நீ எழுதினதை அவள் எடுத்துப் போட்டாள், இரண்டு பேருக்கும் பங்கு உண்டு என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவளைத் திரும்ப எடுக்கவில்லை. அதோடு அவன் லைப்ரரியை விட்டான். கம்பெனியையும் சீக்கிரமே மாற்றிக்கொண்டான். பிறகு ஒரே பஸ்ஸில் ஏற நேர்ந்தாலும் நாங்கள் பேசவில்லை.

நான்கைந்து மாதங்கள் அப்படியே போயின. சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன். ஒரு நாள் திருமுல்லைவாயிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் வழியில், ரேஷன் கடை வாசலில் மண்ணெண்ணெய் வரிசை நின்றிருந்தது. அதிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். இடது கையில் கேன். ரேஷன் கார்டைப் பல்லில் கவ்வியிருந்தார். வலது சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. யார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அந்த முலாம் யூனிட்டின் பெயரைச் சொல்லி, "அங்கதான வேலை செஞ்சீங்க?" என்று கேட்டேன். கார்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இப்பவும் அங்கதான் சார். வாட்ச்மேனாப் போட்டுட்டாங்க. இன்னா சார், நீங்க யாரு?" என்றார்.

கேனை வாங்கிக்கொண்டேன். வீடு ரயில் நிலையத்துக்குப் பின்னால், பத்து நிமிட நடை. அவர் வீட்டில் அவர் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார்கள். நான் நின்றபடியே சொன்னேன்.

"இன்னா சார் சொல்ற? ஒண்ணும் பிரியல" என்றார் அவர்.

மறுபடி சொன்னேன். "அந்தப் பொண்ணு நான் எழுதின தாளப் பாத்துத்தான் மிஷினுக்குப் புரோகிராம் எழுதுச்சு. அந்தத் தாள் தப்பு. அதச் சரிபாக்க வேண்டியவன் நான். பாக்காமலே பாத்தேன்னு எழுதிட்டேன்."

முறத்தை அப்படியே பிடித்துக்கொண்டு அந்த அம்மா கேட்டார். "பாக்காமயே பாத்தேன்னு எய்தினியா?"

"ஆமா."

"பாக்கறதுக்கு இன்னா, ரொம்ப நாளு ஆவுமா?"

"அரை நிமிஷம்."

அவர் என்னைத் திட்டவில்லை. கணவர்தான் மனைவியின் பக்கம் திரும்பினார். "அப்போ அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நீ போயி இன்னா பண்ணிட்டு வந்த?"

"உன் கை போச்சேன்னு வவுறு எரிஞ்சி போனேன். எனுக்கு இன்னா தெரியும்?"

"நான் வாணாம்னு சொன்னேனா இல்லியா?"

"எங்க சொன்ன? ஆஸ்பத்திரில படுத்துகினு நீயுந்தான் அத்த சபிச்சிகினு இருந்த."

அந்த அம்மாவே என்னிடம் சொன்னார். கை எடுத்த நாலாம் நாள் கள்ளிக்குப்பத்துக்குப் போய், தெரு பார்க்க அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருக்கிறார். இந்த ஊட்ல ஒரு நல்லது நடக்கக் கூடாது என்று சொல்லியும் இருக்கிறார்.

"நட" என்றார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு. "இப்பவே போலாம். சார், நீயும் வா. நீ சொன்னாத்தான் அது நம்பும்."

மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். கள்ளிக்குப்பத்தில் அவள் வீட்டுக் கதவைத் திறந்தவர் அவள் அம்மா. இவர்களைப் பார்த்ததும் மறுபடி சாத்தப் போனார். எங்களோடு வந்த அந்த அம்மா உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று, "கண்ணு, வாய்க்கு வந்தத பேசிட்டேன். உன் மேல தப்பில்லன்னு இப்பத்தான் தெரிஞ்சிகினேன்" என்றார். பிறகு குனிந்து, முன்பு நின்ற இடத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். "நான் போட்டத நானே எடுத்துகினு போறேன்." அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு அப்போது அதுதான் தோன்றியிருக்க வேண்டும்.

அந்தப் பெண் வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். அவரது மடித்த சட்டைக் கையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர், "உட்டுடும்மா. உன்னிய சும்மா பேஜார் பண்ணிட்டோம்" என்றார். நான் மூன்றாம் தடவையாக அன்று அதே வாக்கியங்களைச் சொன்னேன்.

"அந்தப் பேப்பர்?" என்றாள்.

"அன்னிக்கே கிழிச்சிட்டேன்."

தலையசைத்தாள். அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்த மாதிரி இருந்தது.

"ஓனர்கிட்ட நாளைக்கே போய்ச் சொல்றேன்மா. எழுதியும் கொடுக்கறேன்."

"குடுங்க." அதில் அவளுக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். "ஒரே அடியா எல்லாத்துலயும் நம்பர மாத்தினீங்களா சார்?"

"ஒன்பது தவிர."

"அப்ப மீதி பக்கத்தையெல்லாம் இப்ப ஓட்டிப் பாத்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எல்லாத்துலயும் அந்த வரி இருக்குல்ல சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. அவர்கள் இருவரையும் அவள் அம்மா உள்ளே கூப்பிட்டார். நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

முதலாளியிடம் மறுநாள் போனேன். எழுதி எடுத்துக்கொண்டுதான் போனேன். படித்துவிட்டு, "எல்லாம் அடங்கின பிறகு எதுக்கு சார் கெளப்பறீங்க? வேற ஆள் போட்டாச்சு" என்று சொல்லி மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தட்டச்சு கற்றுக்கொடுக்கப் போனதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பத்தாம் பக்கத்தில் ஆரம்பித்தேன். இந்த ஐந்து மாதத்தில், நான் திருத்தியது பதினேழாம் பக்கத்தை மட்டும்தான். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடிய பக்கம் அது ஒன்று என்பதால் அதை மட்டும். மற்றவை என் நினைவில்கூட இல்லை. ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து ஓட்டினேன். வேலைக்குப் போய் வந்த மிச்ச நேரத்தில் ஐந்து நாள் ஆனது. பதினேழைச் சேர்க்காமல் இன்னும் ஆறு பக்கங்கள் தப்பு. அவற்றில் நான்கு, புரோகிராம் ஓடாமல் நின்றுவிடும் வகை. யாருக்கும் ஆபத்தில்லை. ஒன்று, கணக்கைத் தவறாகக் காட்டும். இன்னொன்று ஹீட்டருக்கான வெப்ப எல்லையைச் சொல்லும் ஃபங்ஷன். மூன்றாம் பதிப்பில் முழு டிகிரியில் கொடுத்த எண்ணை நான்காம் பதிப்பு பத்தில் ஒரு பங்காக எடுத்துக்கொள்ளும், எண்பது என்றால் எட்டு. அதில் ஹீட்டர் சூடாவதற்கு முன்பே நின்றுவிடும், கெடுதல் இல்லை என்று முதலில் ஆறுதல் கொண்டேன். பிறகு அதே பக்கத்தின் கீழே, குளிர்விக்கும் விசிறிக்கும் இதே எண்ணைக் கொடுக்கலாம் என்று நானே எழுதியிருந்ததைப் பார்த்தேன். நிற்க வேண்டிய விசிறி ஓடிக்கொண்டே இருக்கும்; அது எந்த இயந்திரத்தில், எப்போது என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் குறிப்பேட்டில் இருந்த எல்லா முகவரிகளுக்கும் கடிதம் எழுதினேன். எந்தெந்தப் பக்கங்களை ஓட்டிப் பார்க்கவில்லை, அவற்றில் எவை தப்பு, ஒருவருக்குக் கை போனது, பொய் எழுதியது நான், லைப்ரரி எழுதியவன் அல்ல என்று நேராகவே எழுதினேன். என் நண்பனுக்கும் ஒன்று போட்டேன். அவனிடமிருந்து பதில் வரவில்லை. வேறு மூன்று பேர் பதில் எழுதினார்கள். அதில் இருவர் நன்றி சொல்லியிருந்தார்கள். அவர்கள் எதற்கு நன்றி சொன்னார்கள் என்று புரியாமல் அந்த அஞ்சலட்டைகளை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

கடைசியாக ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பழைய கட்டு முழுவதையும் திருப்பிக் கேட்டேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

"இதுலேர்ந்து எத்தனை பேர் காப்பி எடுத்தாங்க?"

"பாலிடெக்னிக் பசங்கோ நெறைய வந்துகினு இருந்தாங்க சார். பூந்தமல்லிலேர்ந்து ஒருத்தரு பத்து செட்டு ஒண்ணா எடுத்துகினு போனாரு."

"யாருன்னு தெரியுமா?"

"எனுக்கு இன்னா சார் தெரியும்? அவங்க எடுத்தத பாத்து வேற யாரு எடுத்தாங்களோ."

கட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். பூந்தமல்லிக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். பட்டறை பட்டறையாக ஏறி, இப்படி ஒரு கையேடு உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு இடங்களில் இருந்தது. வாங்கித் திருத்திக் கொடுத்தேன். பத்தில் இரண்டு. மற்ற எட்டையும், அவற்றிலிருந்து எடுத்தவற்றையும் யார் எந்த மேசையில் விரித்து வைத்துத் தட்டச்சு செய்தார்கள், அது எந்த இயந்திரத்தை ஓட்டியது, அதன் முன்னால் யார் நின்றார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.